செருகியே கிடக்கும் பேக்கப்

கல்யாணப் போட்டோக்கள் உள்ள ஃபோல்டரைத் திறக்கிறீர்கள். ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் இதுவரை பார்க்காத ஏதோ நாலெழுத்து ஒட்டியிருக்கிறது, எதுவும் திறக்கவில்லை. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: பிட்காயினாகப் பணம் அனுப்பினால்தான் திறப்போம். இதுதான் ரான்சம்வேர். 2017 மே மாதம் வானாக்ரை இப்படித்தான் சுமார் 150 நாடுகளின் கணினிகளைப் பூட்டியது.

பேக்கப் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலரது வீட்டில், அந்த ஹார்ட் டிஸ்க் இரவும் பகலும் கணினியிலேயே செருகிக் கிடக்கிறது. ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். திருடனும் இரண்டையும் சேர்த்தே தூக்கிப் போவான். கூகுள் டிரைவில் சிங்க் ஆவதை மட்டும் நம்புவதும் ஆபத்துதான்: கணினியில் அழித்தது அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 முறை எளிது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளம் மூழ்கிய வீடுகளை நினைத்தால், அந்த 'வேறு இடம்' ஏன் என்று புரியும். வெளியூரில் அக்கா வீட்டு பீரோ போதும். ஆதார், பான் நகல்கள் அதில் இருக்குமென்பதால் டிஸ்க்கை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் கொடுங்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி உங்களிடம் வைத்திருங்கள்.

வீட்டிலுள்ள டிஸ்க்கை மாதம் ஒருமுறையாவது செருகி, நகலெடுத்து, உடனே கழற்றுங்கள். கழற்றும் முன் அதிலிருந்து சில ஃபைல்களைத் திறந்தே பாருங்கள். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. 2017 ஜனவரியில் கிட்லாப் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாகத் தரவை அழித்தபோது, ஐந்து வகை பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் கைகொடுத்தது.

கணினியை சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்கும் முன்பும் நகலெடுங்கள். வாரண்டி பெரும்பாலும் கருவிக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை.

ரான்சம்வேர் தாக்குதல் நேர்ந்துவிட்டால் உடனே இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். பணம் கட்டாதீர்கள், கட்டினாலும் திறக்கும் என்ற உறுதி கிடையாது. மிரட்டல் குறிப்பைப் படமெடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் கொடுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி இத்தகைய தாக்குதலுக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

பூட்டப்பட்ட ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். யூரோபோலும் கூட்டாளிகளும் 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளம், சில வகை ரான்சம்வேர்களுக்குத் திறவுகோலை இலவசமாகத் தருகிறது. இன்று அங்கே கிடைக்காதது பின்னாளில் கிடைக்கலாம்.