இரவல் சுவரில் மாட்டிய படங்கள்

இன்றைய கைப்பேசியில் எடுக்கப்படும் சாதாரண நிழற்படம் ஒன்று அகலத்தில் 4000, உயரத்தில் 3000 என 1.2 கோடி படப்புள்ளிகளைக் கொண்டிருக்க, அதைப் பார்ப்பவரின் கணினித் திரை பெரும்பாலும் 1920க்கு 1080 என்ற கணக்கில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகளையே காட்ட வல்லது. பிக்சல் எனப்படும் படப்புள்ளி, ஒரே ஒரு நிறத்தை ஏந்திய மிகச் சிறிய கட்டமாகும். திரையில் இடம் கிடைக்காத மீதி ஒரு கோடிப் புள்ளிகளும் இணைய வழியே பயணம் செய்து, பார்ப்பவரின் டேட்டாவைத் தின்று, கண்ணில் படாமலேயே கழிந்துவிடுகின்றன. பகிர்வதற்கு முன் படத்தைச் சுருக்குவது, இந்த வகையில், பெறுபவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

வெட்டுதல் வேறு, சுருக்குதல் வேறு. வெட்டும்போது காட்சியின் ஒரு பகுதியே போய்விட, சுருக்கும்போது காட்சி முழுதும் நின்று, அருகருகே உள்ள பல புள்ளிகளின் நிறங்கள் சராசரியாக்கப்பட்டு ஒரே புள்ளியாகின்றன. அகலம் பாதியானால் உயரமும் பாதியாவதால் மொத்தப் புள்ளிகள் கால்பங்காகும். 4000 புள்ளி அகலம் 1000 ஆனால் எஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. சராசரி எடுக்காமல் நான்குக்கு ஒன்றாகப் புள்ளிகளைப் பொறுக்கும் மட்டமான மென்பொருளில், நெருக்கமாகக் கட்டம் போட்ட கைத்தறிப் புடவை நெய்தவருக்கே தெரியாத அலைக்கோடுகளைக் காட்டும். ஒருமுறை சுருக்கிய படத்தை மீண்டும் பெரிதாக்கினால் போன நுணுக்கம் திரும்புவதில்லை. சட்டியில் இல்லாதது அகப்பையில் வராது. ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளியா 300 புள்ளியா என்ற பழைய விவாதம் அச்சுக்கூடத்துக்கு உரியது, திரைக்கு அதனால் யாதொரு பயனுமில்லை.

புள்ளிகளைக் குறைப்பது ஒரு வழியென்றால், புள்ளிகளை அப்படியே வைத்துக்கொண்டு கோப்பின் எடையைக் குறைப்பது மற்றொரு வழி. புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் மேற்சொன்ன படம் 36 மெகாபைட் ஆகியிருக்க வேண்டும். அது சில மெகாபைட்டிலேயே அடங்கிவிடுவது 1992இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ஜேபெக் என்ற சுருக்கமுறையின் வேலை. அது படத்தை எட்டுக்கு எட்டு என்ற சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிறம் எவ்வளவு மெதுவாக அல்லது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை எண்களாக எழுதி, கண் எளிதில் உணராத விரைவு மாற்றங்களுக்குரிய எண்களைத் தாராளமாக முழுமைப்படுத்திவிடுகிறது. அவற்றுள் பல பூச்சியமாகி இடத்தை அடைப்பதே இல்லை. இதற்கு அடிப்படையான கொசைன் உருமாற்றம் என்ற கணிதமுறையைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 சனவரியில் வெளியிட்டார். இதை ஆராய அகமது 1972இல் கேட்ட நிதியை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை தர மறுத்தது, மதிப்பீட்டாளர் ஒருவருக்கு அந்த யோசனை மிக எளிமையாகத் தோன்றியதும் ஒரு காரணம் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் எண்கள் மீண்டும் முழுமைப்படுத்தப்படுவதால், பலமுறை கைமாறிய படம் நைந்த துணிபோல் ஆகிவிடுகிறது. எழுத்துள்ள படங்களுக்கோ இம்முறை முதலிலிருந்தே பொருந்துவதில்லை: எழுத்தின் கூரிய விளிம்பைச் சுற்றி அழுக்குப் படிந்தது போன்ற மங்கல் உண்டாவதோடு, படத்தை அளவுக்கு மீறிச் சுருக்கினால் தமிழ் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து, 'க்' என்பது 'க' என்றே வாசிக்கப்படும். ஆவணம், திரைப்பிடிப்பு, அட்டவணை ஆகியவற்றுக்கு 1996இல் வந்த பி.என்.ஜி. முறை ஏற்றது, அது எதையும் கழிக்காமல் அடக்குகிறது.

அனுப்புமுன் பார்க்க வேண்டிய இன்னொன்று, படத்தோடு ஒட்டிவரும் எக்சிஃப் என்ற குறிப்பு. எடுத்த நாள், நேரம், கருவி ஆகியவற்றோடு, கைப்பேசியில் இருப்பிட வசதி திறந்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் அதில் பதிவாகியிருக்கும். வீட்டுக் கொலுவின் படம் வீட்டு முகவரியையும் சேர்த்துச் சொல்லிவிடக்கூடும்.

இனி, படம் தங்கும் இடம். இணையப் பக்கத்தில் தெரியும் படம் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குள் இருப்பதில்லை. வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் கோப்பின் முகவரி மட்டுமே பக்கத்தில் எழுதப்பட்டிருக்க, பார்ப்பவர் திறக்கும்போது அங்கிருந்து அது வரவழைக்கப்படுகிறது. இரவல் சுவரில் மாட்டிய படம் சுவர்க்காரர் மனம் மாறும்வரைதான். 2003இல் தொடங்கிய போட்டோபக்கெட் என்ற படச்சேமிப்புத் தளம், பிற தளங்களில் தன் படங்களைக் காட்டுவதற்கு ஆண்டுக்கு 399.99 டாலர் என்று 2017இல் விதிக்க, கட்டாதவர்களின் படங்கள் இருந்த இடமெல்லாம் கட்டண அறிவிப்புப் பலகையாயிற்று. ஒரு கருவியைப் பழுதுபார்க்கும் முறையை விளக்கிய பழைய பக்கங்களில் 'படத்தில் காண்க' என்ற சொல் நின்றது, படம் நிற்கவில்லை. அதேபோன்ற டைனிபிக் என்ற தளம் 2019இல் மூடப்பட்டது. ஆலன் ஷாஃப் என்ற மாணவர் 2009இல் தொடங்கிய இம்கர் என்ற படத்தளம், கணக்கில்லாதவர்கள் ஏற்றிய பழைய, பயனற்றுக் கிடந்த படங்களை 2023 மே 15 முதல் நீக்கப்போவதாக அறிவித்தது. இலவசமாகச் சேமிப்பிடம் தருபவருக்கும் வட்டும் மின்சாரமும் இலவசமல்ல என்பதால், இதில் வஞ்சகம் என்று சொல்ல அதிகம் இல்லை. முன்னறிவிப்பின் போதாமையே குறை.

பகிர்வதற்கு 1200 புள்ளி அகலமுள்ள நகல் போதும். அதை எந்தச் சேவையிலும் ஏற்றலாம். ஆனால் சுருக்காத மூலப்படத்தைத் தம் கணினியில் ஒன்றும் தனி வட்டில் ஒன்றுமாக வைத்திருப்பவருக்கே அந்நகலை மறுபடி உருவாக்கும் வழி உண்டு. 1996 முதல் இணையப் பக்கங்களைத் திரட்டிவரும் இணைய ஆவணக் காப்பகத்திலும், எழுத்து முழுதாக இருக்க, படத்துக்குரிய கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கும் பக்கங்கள் உள்ளன.