ஓடும் கன்டெய்னருக்குள் ஒரு கட்டளை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அங்கே உள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவி படிக்கும் அறிவியல் புத்தகமும் சென்னை அரசுப் பள்ளி மாணவியின் புத்தகமும் ஒன்றுதான். 2018-ல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது, பாடங்களோடு க்யூ.ஆர். கோடும் அச்சாகி வந்தது. கைப்பேசியைக் காட்டினால் ‘தீக்ஷா’ தளத்தில் அந்தப் பாடத்துக்கான காணொலி திறக்கும். திறக்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், “மலையில் டவர் இல்லை” என்று சொல்லிவிடுவோம். பல நேரம் அது உண்மை. சில நேரம் கோளாறு மறுமுனையில், சர்வரில் இருக்கும். அதை எப்படித் தேடுகிறார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

2017 செப்டம்பர் 5 அன்று மத்திய அரசு தொடங்கிய தீக்ஷா, ‘சன்பேர்ட்’ என்ற திறமூல மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. சன்பேர்ட் ஒற்றைப் பெரிய புரோகிராம் அல்ல. உள்நுழைவுக்கு ஒன்று, பாடங்களைத் தேட ஒன்று, பயிற்சிகளுக்கு ஒன்று எனப் பல சேவைகள் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓடும். அவற்றைப் பல கணினிகளில் பரப்பி, ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்பி மேய்ப்பது ‘குபேர்நெட்டிஸ்’. கூகுள் 2014-ல் வெளியிட்ட மென்பொருள் இது. இப்படி ஒன்றாகக் கட்டிய கணினிக் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர்.

கன்டெய்னரைக் குட்டிக் கணினி என்று பலரும் நினைக்கிறார்கள். அது லினக்ஸில் ஓடும் சாதாரண புராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம். ஒரே வீட்டைத் தட்டி வைத்துப் பிரித்த அறைகளைப் போல, லினக்ஸின் மையமான கெர்னல் அதற்குத் தனிக் கோப்புகள், தனி நெட்வொர்க், தனிப் புராசஸ் பட்டியல் ஆகியவற்றை மட்டும் காட்டுகிறது. ஆகவே ‘கன்டெய்னருக்குள் போவது’ என்றால், அதே தடுப்புகளுக்குள் இன்னொரு புராசஸைத் தொடங்குவது, அவ்வளவுதான்.

இதற்கான கட்டளை ‘க்யூப்-சிடிஎல் எக்ஸெக்’. அதை அடுத்து, தட்டச்சு செய்வது உள்ளே போய்ச் சேர இரண்டு எழுத்துகள், கன்டெய்னரைச் சுமக்கும் ‘பாட்’டின் பெயர், இரண்டு சிறு கோடுகள், கடைசியாக உள்ளே ஓட வேண்டிய புரோகிராம்; பெரும்பாலும் அது கட்டளைகளை வாங்கி ஓட்டும் ‘ஷெல்’. அந்த இரண்டு கோடுகளும் முக்கியம். அவற்றுக்கு முன் இருப்பது நம் கருவிக்கு, பின் இருப்பது கன்டெய்னருக்கு. என்டர் தட்டியதும் திரையில் # அல்லது $ குறி வந்து நிற்கும். ‘டேட்’ என்று கேட்டால் பெரும்பாலும் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய மணி காட்டும். கன்டெய்னர்களின் கடிகாரம் பொதுவாக உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். ‘பிஎஸ்’ என்று கேட்டால், எத்தனையோ புராசஸ்கள் ஓடும் அந்தக் கணினியில் நம் சேவை ஒன்றாம் எண்ணோடும், கூடவே நாம் இப்போது தொடங்கியவையும் மட்டுமே பெரும்பாலும் தெரியும். அங்கிருந்தே தரவுத்தளத்தைத் தொட்டுப் பார்க்கலாம். பதில் வரவில்லையா? கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிட்டது.

நாம் அடித்த கட்டளை நேராகக் கன்டெய்னருக்குப் போவதில்லை. முதலில் கிளஸ்டரின் வாசலான ஏபிஐ சர்வரைத் தட்டும். நீ யார், எக்ஸெக் செய்ய உனக்கு உரிமை உண்டா என்று அது விசாரிக்கும். தேறினால், பாட் இருக்கும் கணினியில் 10250-ஆம் போர்ட்டில் காத்திருக்கும் ‘க்யூப்லெட்’டுக்கு அனுப்பும். க்யூப்லெட் கன்டெய்னர் இயக்கியிடம் சொல்ல, அது புதிய புராசஸைத் தொடங்கும். பதில் அதே வழியில் திரும்பும்.

போய் வருவது வெறும் எழுத்து. அதனால் காணொலி திறக்காத மெலிந்த சிக்னலிலும் இந்த வேலை நடக்கும். ஆனால் மலைச் சாலையில் ஒரு வளைவு திரும்பும்போது இணைப்பு அறுந்தால், உள்ளே தொடங்கிய புராசஸ் சில வேளை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நீண்ட நேரம் ஓடும் கட்டளைகளை இந்த வழியில் தொடங்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

உள்ளே போய் ஒரு கோப்பைத் திருத்துவதும் வீண்வேலை. பாட் விழுந்து மறுபடி எழும்போது, கன்டெய்னரின் மூல அச்சான பழைய ‘இமேஜி’லிருந்துதான் எழும். திருத்தம் போயே போய்விடும். பார்ப்பதற்குத்தான் எக்ஸெக். சரிசெய்வது மூல நிரலிலும் இமேஜிலும் நடக்க வேண்டும்.

எனக்கு உண்மையான கவலை வேறு. உள்ளே போனவர் ‘என்வ்’ என்று மூன்று எழுத்து அடித்தால், சூழல் மாறிகளில் வைத்த கடவுச்சொற்கள் எல்லாம் திரையில் கொட்டும். ரகசியங்களைப் படிக்கும் உரிமை அவருக்குத் தனியாக மறுக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை. தணிக்கைப் பதிவில் அவர் நுழைந்தது தெரியும். ஷெல்லுக்குள் என்னென்ன தட்டினார் என்பது தெரியாது. 2018 டிசம்பரில் இதைவிட மோசமான ஓட்டை வெளிப்பட்டது. டேரன் ஷெப்பர்ட் கண்டறிந்த அந்தப் பிழையால், தன் ‘பாட்’டில் மட்டும் எக்ஸெக் செய்ய அனுமதி பெற்றவர்கூட, ஏபிஐ சர்வர் மூடாமல் விட்ட இணைப்பின் வழியே அதே கணினியின் மற்ற பாட்களிலும் கட்டளை ஓட்ட முடிந்தது. அதன் அபாய மதிப்பு 10-க்கு 9.8. உடனே திருத்தம் வெளியிட்டார்கள்.

இன்று பலர் ஷெல்லே இல்லாத இமேஜ்களுக்கு மாறுகிறார்கள். உள்ளே நுழைந்தாலும் தட்டுவதற்கு எதுவும் இருக்காது. ஆராய வேண்டி வந்தால், கருவிகள் நிறைந்த தற்காலிகக் கன்டெய்னர் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். 2022-ல் வந்த குபேர்நெட்டிஸ் 1.25 பதிப்பில் அந்த வசதி உறுதியாகிவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதுவும் உரிமையைச் சரியாகப் பங்கிட்டால்தான் பயன் தரும். குபேர்நெட்டிஸ் தானாகவே தரும் ‘எடிட்’ பொறுப்பில் எக்ஸெக் உரிமையும் சேர்ந்தே வருகிறது; ‘வியூ’ பொறுப்பில் வருவதில்லை. இது தெரியாமலேயே ‘எடிட்’டை வாரி வழங்குவது எளிது.

மாணவர்களின், ஆசிரியர்களின் விவரங்களைத் தாங்கும் அரசுக் கிளஸ்டர்களை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘க்யூப்-சிடிஎல் ஆத் கேன்-ஐ’ என்ற கட்டளை, ஒருவருக்கு எக்ஸெக் உரிமை இருக்கிறதா என்பதை ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடும். உங்கள் குழுவில் ஒவ்வொரு பெயருக்கும் அதை இந்த வாரமே ஓட்டிப் பாருங்கள். காரணமில்லாமல் ‘யெஸ்’ வருகிற இடத்தில் உரிமையைத் திரும்பப் பெறுங்கள்.