ஆழம் அளந்தால் மட்டும் போதுமா?

வங்காளதேசத்தில் ஆறுகளே நெடுஞ்சாலைகள். அவற்றைப் பராமரிப்பது 1958இல் நிறுவப்பட்ட உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்து அதிகாரசபை. வண்டல் படிந்து தூர்ந்த வழிகளை ஆழமாக்குவதும், மிதவைகளும் விளக்குகளும் இட்டு வழிகாட்டுவதும், டாக்காவின் சதர்காட் முதலான ஆற்றுத் துறைமுகங்களை நிருவகிப்பதும் அதன் பணிகள். கலங்களைப் பதிந்து பரிசோதிப்பதோ கப்பற்றுறைத் திணைக்களம்.

2014 ஆகஸ்டில் ‘பினாக்-6’ அளவுமீறிய பயணிகளோடு பத்மா ஆற்றில் மூழ்கியது. 2021 டிசம்பரில் சுகந்தா ஆற்றில் ‘அபிஜான்-10’ தீப்பற்றியதில் 40 பேருக்கு மேல் மாண்டனர்.

2022இல் பத்மாப் பாலம் திறக்கப்பட்டதும் பயணிகள் பலர் தரைவழிக்கு மாறினர். ஆனால் போலா, ஹாதியா தீவுகளின் ஏழை மக்களுக்குக் கலமே கதி. ஆற்றின் ஆழத்தை அளப்போர், துறையில் ஏறும் தலைகளையும் எண்ணவேண்டும் என்பதே எமது துணிபு. பொறுப்பு இருவரிடம் பகிரப்பட்டிருப்பது எவருக்கும் சாட்டாகிவிடலாகாது.