மகளைத் தள்ளும் பட்டன்... தம்பியைத் தேடும் அண்ணன்! கையடக்க 'காட் ஆஃப் வார்' இரண்டில் எது பெஸ்ட்?

பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவே இருக்கிற பொங்கலூரில், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் கொஞ்சம் தாமதமாகத்தான் எழும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியாச்சு. ஒன்றரை ஷிப்ட் ஓட்ட வேண்டியதில்லை. கம்பெனி வண்டியின் ஹார்ன் சத்தமும் இல்லை. வாரத்தில் அந்த ஒருநாள்தான் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் பகலில் ஒன்றாக வீட்டில் இருப்பார்கள். ஆளுக்கொரு போனோடு!

பனியன் ஊர்ப் பையன்களின் போனை வாங்கிப் பார்த்தால், ஃப்ரீ ஃபயருக்கும் பிஜிஎம்ஐக்கும் பக்கத்தில் சில சமயம் நீல நிறத்தில் இன்னொரு ஐகானும் இருக்கும். பெயர், 'பிபிஎஸ்எஸ்பிபி'. சோனி நிறுவனத்தின் பழைய கையடக்க கேம் கருவியான பிஎஸ்பியைப் போல ஆண்ட்ராய்டு போனை நடிக்க வைக்கும் எமுலேட்டர் ஆப் இது. ஸ்வீடனைச் சேர்ந்த ஹென்ரிக் ரிட்கார்ட் 2012 நவம்பரில் வெளியிட்டார். இந்த ஆப்பை வைத்திருப்பவர்கள் முதலில் தேடிப்போகும் கேம்களில் ஒன்று, 'காட் ஆஃப் வார்'.

கிரேட்டோஸ் என்ற ஸ்பார்ட்டா வீரனின் கதை. 2005-ல் பிளேஸ்டேஷன் 2-ல் தொடங்கி, 2022-ல் வந்த 'ராக்னரோக்' வரை நீண்ட தொடர். இதில் பிஎஸ்பிக்கு என்றே வந்தவை இரண்டு: 2008 மார்ச்சில் 'செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்', 2010 நவம்பரில் 'கோஸ்ட் ஆஃப் ஸ்பார்ட்டா'. இரண்டையும் உருவாக்கியது கலிஃபோர்னியாவின் 'ரெடி அட் டான்' என்ற ஸ்டூடியோ.

'இரண்டில் எது பெஸ்ட்?' என்பது கேம் ரசிகர்களிடம் இன்னும் தீராத சண்டை. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக்கில் முதலாவதற்கு 91, இரண்டாவதற்கு 86. ஆனால், மார்க் ஷீட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது.

(கதையின் முடிவுகள் கீழே வருகின்றன. இன்னும் விளையாடாதவர்கள், முடித்துவிட்டு வந்து படிக்கலாம்.)

பட்டன் போனில் ஒரு கிரேட்டோஸ்

பிஎஸ்பிக்கு முன்பே கிரேட்டோஸ் ஒருமுறை கைக்குள் வந்துவிட்டான் என்பது பலருக்குத் தெரியாது. 2007-ல் ஜாவா வசதி கொண்ட பட்டன் போன்களுக்காக 'காட் ஆஃப் வார்: பிட்ரேயல்' வந்தது. இடமிருந்து வலமாக ஓடி, எதிரில் வருபவர்களை வெட்டித்தள்ளும் தட்டையான 2டி கேம். அந்தச் சின்னத் திரைக்கு அது பெரிய சாதனைதான். ஆனால், கதையில் மனதில் நிற்க ஒன்றும் இல்லை.

மகளா... உலகமா?

'செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்' வேறு ரகம். முதல் கேமுக்கும் முந்தைய கதை இது. போர்க்கடவுள் ஏரஸின் சூழ்ச்சியால் தன் மனைவியையும் மகள் கலையோபியையும் தானே கொன்றுவிட்ட கிரேட்டோஸ், அந்தப் பாவத்தைக் கழுவ தெய்வங்களுக்கு வேலைக்காரனாக இருக்கும் காலம். ஒருநாள் சூரியன் வானத்திலிருந்து விழுகிறது. உலகத்தை இருள் மூடுகிறது. இருளுக்குள்ளே ஒரு புல்லாங்குழல் ஓசை. மகள் வாசிக்கும் அதே மெட்டு!

அந்த ஓசையைத் தேடி பாதாளம் வரை போகிறான். 'உன் சக்தியையெல்லாம் விட்டுவிட்டால் மகளோடு இருக்கலாம்' என்கிறாள் பாதாள ராணி பெர்செபோனி. விட்டுவிடுகிறான். மகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அப்போதுதான் உண்மை தெரிகிறது: உலகத்தைத் தாங்கும் தூணை உடைக்க அவள் திட்டமிட்டிருக்கிறாள். அது நடந்தால் கலையோபியும் அழிவாள். தடுக்க வேண்டுமென்றால் சக்தியைத் திரும்ப எடுக்க வேண்டும். எடுத்தால், மகளை இனி எப்போதும் பார்க்க முடியாது.

இந்த இடத்தில் கேம் ஒரு காரியம் செய்கிறது. வழக்கமாக ராட்சசனை வீழ்த்த ஒரே பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டச் சொல்வார்களே... இங்கே காலைக் கட்டிக்கொண்டிருக்கும் மகளைத் தள்ளிவிட அதே பட்டனைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் கதை நகராது. சினிமாவில் இதைப் பார்த்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்போம். இங்கே தள்ளுவது நம் கட்டைவிரல்! குழந்தை எழும்பும் முன்பே வேலைக்குக் கிளம்பி, அது தூங்கிய பிறகு திரும்புகிற அப்பாக்கள் உள்ள ஊரில், இந்தக் காட்சியை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை.

தம்பி பேசும் நியாயம்

'கோஸ்ட் ஆஃப் ஸ்பார்ட்டா'வில் கிரேட்டோஸ் போர்க்கடவுளாகிவிட்டான். ஆனால், தூங்கினால் கனவு விடுவதில்லை. சின்ன வயதில் தம்பி டெய்மோஸைக் கண்ணெதிரே தெய்வங்கள் தூக்கிப்போனார்கள். ஒலிம்பஸை ஒரு வீரன் அழிப்பான் என்று ஆரூடம்; அந்த வீரன் உடம்பில் அடையாளம் இருக்கும் என்றும் சொல்லப்பட்டது. தம்பிக்குப் பிறவி மச்சம் இருந்தது. தடுக்கப்போன அண்ணனின் முகத்தில் விழுந்த வெட்டுதான், இன்றைக்கும் அவன் கண்ணருகே இருக்கும் தழும்பு.

இறந்துபோனதாக நினைத்த தம்பி, மரண தேவன் தானடோஸின் பிடியில் உயிரோடு சித்ரவதைப்படுகிறான் என்று தாய் சொல்கிறாள். அண்ணன் தேடிப்போகிறான். போய் விடுவித்தால், தம்பி கட்டிப்பிடிக்கவில்லை. அடிக்கிறான்! 'இத்தனை வருஷம் என்னைத் தேடி ஏன் வரவில்லை?' என்பதுதான் அவனது கேள்வி. அதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை நன்றாகவே புரியும்.

பின்பு பள்ளத்தில் விழப்போகும் தம்பியின் கையை அண்ணன் பிடிக்கிறான். தன் இளமைக்கால ஈட்டியையும் கேடயத்தையும் அவனிடமே தருகிறான். இருவரும் சேர்ந்து தானடோஸை எதிர்க்கிறார்கள். தம்பி பிழைக்கவில்லை.

விளையாட எது சுகம்?

கதையில் இழுபறி என்றால், விளையாட்டில் இரண்டாவதுதான் ஒருபடி மேலே. முதல் கேமை ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே முடித்துவிடலாம். ஐந்தாறு மணி நேரம்தான். எதிரிகள் திரும்பத் திரும்ப ஒரே முகங்கள். 'கோஸ்ட்' அதைவிட நீளம். மூழ்கும் அட்லாண்டிஸ், எரிமலை, பனி, ஸ்பார்ட்டா நகரம் என்று இடங்களும் மாறிக்கொண்டே இருக்கும். கத்திகளில் தீப்பற்ற வைத்து எதிரியின் கவசத்தை உடைக்கும் வசதி வந்தது. தீ தீர்ந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக நிரம்பிக்கொள்ளும். இதனால் சண்டையில் ஒரு கணக்கு வந்தது: இப்போதே செலவழிப்பதா, பெரிய எதிரிக்கு வைத்திருப்பதா?

ஆனால், முதல் கேமுக்கு ஒரு பெருமை உண்டு. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று பிஎஸ்பியின் ப்ராஸசரை சோனி 222 மெகாஹெர்ட்ஸில் கட்டிவைத்திருந்தது. 2007-ல் அந்தக் கட்டு அவிழ்ந்து 333 வரை போக வழி கிடைத்தது. அந்த முழு வேகத்தையும் பயன்படுத்திக்கொண்டது 'செயின்ஸ்'. 4.3 இன்ச் திரையில் பிளேஸ்டேஷன் 2 தரத்தைப் பார்த்தபோது அன்றைய பையன்கள் வாய்பிளந்ததற்குக் காரணம் இதுதான். 'கோஸ்ட்' அதே கருவியை இன்னும் நன்றாகக் கசக்கிப் பிழிந்தது என்றாலும், முதல் ஆச்சர்யம் ஒருமுறைதானே வரும்!

போனில் ஆடுபவர்களுக்கு ஒரு சிக்கல். பிஎஸ்பியில் இரண்டாவது ஸ்டிக் கிடையாது. எனவே, அடியிலிருந்து உருண்டு தப்பிக்க மேலே உள்ள இரண்டு பட்டன்களையும் ஆள்காட்டி விரல்களால் அழுத்திக்கொண்டு ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். அசல் கருவியில் இது சுலபம். கண்ணாடித் திரையில் இரண்டு கட்டைவிரலை வைத்துக்கொண்டு இதைச் செய்வது சர்க்கஸ். 'எமுலேட்டரில் விளையாடினேன், கன்ட்ரோல் மோசம்' என்று இந்த கேம்களைத் திட்டுபவர்கள், திட்ட வேண்டியது கேமை அல்ல. புளூடூத் கன்ட்ரோலர் ஒன்றை இணைத்தால் பாதிப் பிரச்னை தீரும்.

பெற்றோர் கவனத்துக்கு...

இவை பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா அல்ல. அந்தப் பயம் வேண்டாம். வேறு பயம் வேண்டும். இரண்டுமே பெரியவர்களுக்கான கேம்கள். அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தப்பட்டவை. ரத்தம் தாராளம். படுக்கையறைக் காட்சிகளும் உண்டு. 'கார்ட்டூன் மாதிரிதானே' என்று ஏழாவது படிக்கும் பிள்ளையிடம் விட்டுவிடக் கூடாது. காலேஜ் போகும் அண்ணன் முடித்த கேமைத் தம்பி தொடர்வதுதான் பல வீடுகளில் நடக்கும் கதை. போன் ஒன்றுதானே!

இன்னொன்று, எமுலேட்டர் ஆப்பில் தவறில்லை. ஆனால், ஏதோ ஒரு தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கேம் ஃபைலை இறக்குவது காப்புரிமை மீறல். அப்படி இறக்கும்போது கூடவே வைரஸும் வந்து, அப்பாவின் ஜிபே இருக்கும் போனில் உட்கார்ந்துகொண்டால் கதை கந்தல். நேர்வழியில் வாங்கலாம் என்றால் அதுவும் குறுகிவிட்டது. பிஎஸ்பி தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. பிஎஸ்பிக்கான ஆன்லைன் கடையையும் சோனி மூடிவிட்டது. பழைய யூஎம்டி டிஸ்க், அல்லது பிளேஸ்டேஷன் 3-க்கு 2011-ல் இரண்டு கேம்களையும் சேர்த்து வெளியிட்ட 'ஆரிஜின்ஸ் கலெக்ஷன்' ஆகியவற்றை செகண்ட் ஹேண்டில் தேடலாம். பழைய பிஎஸ்பி வாங்கினால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பின்மூடியைத் திறந்து பாருங்கள்.

இரண்டையும் செய்த 'ரெடி அட் டான்' ஸ்டூடியோவும் இப்போது இல்லை. 2020-ல் ஃபேஸ்புக் வாங்கியது. 2024 ஆகஸ்ட்டில் மூடப்பட்டது.

சரி, தீர்ப்பு? ஒன்றை மட்டும்தான் ஆட நேரம் இருக்கிறது என்றால், 'கோஸ்ட் ஆஃப் ஸ்பார்ட்டா'. இரண்டுக்கும் நேரம் இருந்தால் முதலில் 'செயின்ஸ்'. அடுத்ததை ஆடிவிட்டு இதற்குத் திரும்பினால் சண்டை சப்பென்று இருக்கும். அந்தப் பட்டன் காட்சி வரை பொறுமை தாங்காது.

கேம் நாயகர்களின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டுகள் திருப்பூருக்குப் புதிதில்லை. கிரேட்டோஸ் என்றால் வெள்ளை உடம்பு, அதன் குறுக்கே முகத்திலிருந்து தோள், மார்பு வரை இறங்கும் சிவப்புப் பட்டை. டிசைனுக்காகப் போட்டது என்றே பலரும் நினைத்திருப்பார்கள். அது தம்பி டெய்மோஸின் பிறவி மச்சம். காணாமல்போனவனின் நினைவாக அண்ணன் தன் உடம்பில் எழுதிக்கொண்டது.