வீட்டுக் கடன் வாங்கினால் வரி மிச்சமாகுமா? யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது?

“வாடகை கொடுக்கிற காசை இஎம்ஐயா கட்டுங்க சார். டாக்ஸும் மிச்சம்.” ஓஎம்ஆர் பக்கம் மாடல் ஃபிளாட் பார்க்கப் போனவர்கள் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். பத்து வருடத்துக்கு முன்பு அது பெரும்பாலும் உண்மை. இன்று மாதச் சம்பளக்காரர்களில் பலருக்கு அது உண்மை இல்லை. வீடு வாங்கி, பத்திரம் பதிந்து, முதல் இஎம்ஐயும் போன பிறகு, அலுவலக ஹெச்ஆர் அனுப்பும் வரிக் கணக்கைப் பார்த்துத்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

காரணம், புதிய வரி முறை. 2020 பட்ஜெட்டில் அறிமுகமாகி, 2023-24 நிதியாண்டிலிருந்து அதுவே இயல்பான முறை ஆகிவிட்டது. அதாவது எதையும் தேர்வு செய்யாமல் விட்டால் புதிய முறைதான். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கழிவு கிடையாது. அசலுக்கும் கிடையாது. கிடைக்க வேண்டுமானால் பழைய முறைக்குப் போக வேண்டும். அங்கே வரி விகிதம் அதிகம். ஆக, ‘எனக்குத் தகுதி இருக்கா?’ என்பதோடு கேள்வி முடிவதில்லை. ‘தகுதி இருந்தாலும் லாபம் இருக்கா?’ என்பதும் சேர்ந்தே வருகிறது.

முதலில் தகுதி.

பழைய முறையில் இரண்டு முக்கியப் பிரிவுகள் உண்டு. வட்டிக்குப் பிரிவு 24(பி): சொந்த உபயோகத்துக்கான வீடு என்றால் ஆண்டுக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய். அசலுக்குப் பிரிவு 80சி: அதிகபட்சம் 1.5 லட்சம். ஆனால் இந்த 1.5 லட்சத்துக்குள்தான் பி.எஃப், எல்ஐசி பிரீமியம், குழந்தையின் பள்ளிக் கட்டணம் எல்லாமே அடங்கும். பி.எஃப் பிடித்தமே வரம்பைத் தொட்டுவிடுகிறவர்களுக்கு அசல் தொகையால் புதிதாக எதுவும் மிச்சமாகாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 2 லட்சம் கழிவு என்றால் வரியில் 2 லட்சம் குறையும் என்று அர்த்தம் இல்லை. வருமானத்தில்தான் 2 லட்சம் குறையும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 62,400 ரூபாய் மிச்சம், அவ்வளவுதான். அமெரிக்காவில் 2009-ல் முதல் வீடு வாங்கியவர்களுக்கு 8,000 டாலர் வரை கட்ட வேண்டிய வரியிலேயே குறைத்தார்கள். இந்தியாவில் இருப்பது அந்த மாதிரிச் சலுகை இல்லை.

பெயர் யாருடையது?

அதிகம் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். கழிவு கேட்பவர் வீட்டின் உரிமையாளராக இருக்க வேண்டும், கடனும் அவர் பெயரில் இருக்க வேண்டும், பணமும் அவர் கட்ட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சிக்கல்தான்.

நம்மூரில் நடப்பது வேறு மாதிரி. அப்பா பெயரில் கிரயம், மகன் பெயரில் கடன். அல்லது ராசி, சென்டிமென்ட் என்று மனைவி பெயரில் மட்டும் பத்திரம், இஎம்ஐ போவது கணவர் கணக்கிலிருந்து. இந்த இரண்டு இடத்திலும் மாதாமாதம் பணம் கட்டுபவருக்குக் கழிவு இல்லை. வீட்டில் அவருக்குப் பங்கு இல்லையே! பத்திரத்தில் பெயர் உள்ளவர் தன் கையிலிருந்து கடன் கட்டவில்லை என்பதால் அவருக்கும் இல்லை. பதிவு முடிந்த பிறகு இதைச் சரிசெய்வது லேசான வேலை இல்லை. மறுபடி முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று செலவு வைக்கும். பத்திரம் எழுதுவதற்கு முன்பே பேசிவிட வேண்டிய விஷயம் இது.

அதே நேரம் கணவன், மனைவி இருவரும் சம்பாதித்து, இருவர் பெயரும் பத்திரத்திலும் கடனிலும் இருந்து, இருவருமே கட்டினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 2 லட்சமும் 1.5 லட்சமும் உண்டு. 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று எடுத்துக்கொண்டால் இஎம்ஐ 43,400 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். முதல் வருடம் கட்டுவதில் சுமார் 4.2 லட்சம் வட்டிக்கே போய்விடும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் அதில் 2 லட்சம்தான் கணக்கில் வரும். மீதி 2.2 லட்சம் வீண். அடுத்த வருடத்துக்கும் எடுத்துப் போக முடியாது. இருவர் என்றால் ஏறக்குறைய முழுதும் வந்துவிடும்.

நண்பரிடமோ மாமாவிடமோ கைமாற்று வாங்கி வீடு வாங்கியவர்கள்? வட்டிக்குக் கழிவு உண்டு, கடனும் வட்டியும் ஆவணத்தில் இருக்க வேண்டும். அசலுக்குக் கிடையாது. 80சி-க்கு வங்கி, வீட்டுக் கடன் நிறுவனம் போன்ற, சட்டம் சொல்லும் இடங்களிலிருந்து வாங்கிய கடனாக இருக்க வேண்டும்.

சாவி எப்போது கைக்கு வரும்?

கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்குக் கட்டும் வட்டியை அந்தந்த வருடமே கழிக்க முடியாது. வீடு முடிந்த நிதியாண்டில் தொடங்கி, முந்தைய வட்டியை ஐந்து சம தவணைகளாகப் பிரித்து ஐந்து வருடத்தில் கழிக்கலாம். அதுவும் அதே 2 லட்சம் வரம்புக்குள்தான்.

இன்னொரு கெடுவும் இருக்கிறது. கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானம் முடிய வேண்டும். 2021 ஆகஸ்டில் கடன் வாங்கியிருந்தால் 2027 மார்ச் 31-க்குள் முடிந்தாக வேண்டும். தாண்டினால் 2 லட்சம் என்ற வரம்பு 30,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். தாமதம் பில்டருடையது, இழப்பு வாங்கியவருடையது. கொஞ்சம் அநியாயமாகத்தான் தெரிகிறது, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 80சி-யில் சேரும், செலுத்திய வருடத்துக்கு மட்டும். தமிழ்நாட்டில் வழக்கமான கிரயப் பத்திரத்துக்கு 7 சதவீதமும் 2 சதவீதமுமாக 9 சதவீதம் ஆகிறது; 40 லட்ச ரூபாய் சொத்துக்கு 3.6 லட்சம். அதில் கணக்கில் வருவது, மற்ற சேமிப்புகளோடு சேர்த்து, 1.5 லட்சத்துக்குள் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான். வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் விற்றால், 80சி-யில் எடுத்த அசல் கழிவெல்லாம் விற்ற வருடத்தின் வருமானத்தில் திரும்பச் சேர்ந்துவிடும். வட்டிக் கழிவுக்கு இந்த ஆபத்து இல்லை.

முதல் வீடு என்றால் கூடுதல் சலுகை உண்டா?

இருந்தது. 80இஇஏ என்ற பிரிவில் வட்டிக்குக் கூடுதலாக 1.5 லட்சம் வரை. ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல் 2022 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும். முத்திரைத் தீர்வைக்கான மதிப்பு 45 லட்சத்தைத் தாண்டக் கூடாது, கடன் அனுமதியான நாளில் வேறு வீடு இருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் கடன் வாங்கியவர்கள் பழைய முறையில் இருந்தால் இன்றும் கேட்கலாம். இப்போது கடன் வாங்குபவர்களுக்குக் கிடையாது. இணையத்தில் சில விளம்பரங்களில் இது இன்னும் ‘3.5 லட்சம் வட்டிச் சலுகை’ என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்ப வேண்டாம்.

சரி, லாபம் யாருக்கு?

2025-26 நிதியாண்டு விகிதப்படி ஒரு கணக்கு. ஆண்டுச் சம்பளம் 18 லட்சம், புது வீட்டில் குடியிருக்கிறார், வட்டி 2 லட்சம், 80சி 1.5 லட்சம் முழுதாக உண்டு என்று வைத்துக்கொள்வோம்.

பழைய முறையில் நிலையான கழிவு 50,000 போக, இந்த 3.5 லட்சமும் போக, வரிக்கு உட்பட்ட வருமானம் 14 லட்சம். வரி, செஸ் சேர்த்து 2,41,800 ரூபாய்.

புதிய முறையில் நிலையான கழிவு 75,000 மட்டும் போக 17.25 லட்சம். வரி, செஸ் சேர்த்து 1,50,800 ரூபாய்.

வீட்டுக் கடன் கழிவை முழுதாக எடுத்தும் பழைய முறையில் 91,000 ரூபாய் கூடுதல் வரி! இந்தச் சம்பளத்தில் பழைய முறை சமமாக வர வேண்டுமென்றாலே, நிலையான கழிவு போக சுமார் 6.42 லட்சம் ரூபாய்க்குக் கழிவுகள் காட்ட வேண்டும். சம்பளம் 25 லட்சம் என்றால் 8 லட்சம். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு ஹெச்ஆர்ஏ விலக்கும் கிடையாது என்பதால் அந்த அளவை எட்டுவது மிகவும் கஷ்டம்.

எட்டக்கூடியவர் யார் என்றால், சென்னையில் வாடகைக்கு இருந்துகொண்டு, மதுரையில் கடன் போட்டு வீடு வாங்கி அதில் அப்பா அம்மாவைக் குடிவைத்திருப்பவர் போன்றவர்கள். அவருக்கு ஹெச்ஆர்ஏவும் உண்டு, வட்டிக் கழிவும் உண்டு. அதே 18 லட்சச் சம்பளத்தில் ஹெச்ஆர்ஏ விலக்கு 2.4 லட்சம், வட்டி 2 லட்சம், 80சி 1.5 லட்சம், என்பிஎஸ் 50,000, மருத்துவக் காப்பீடு 25,000 என்று கூட்டினால் 6.65 லட்சம். பழைய முறையில் வரி 1,43,520. இத்தனை ஆவணங்களையும் சேர்த்துவைத்து அவர் மிச்சம் பிடிப்பது வருடத்துக்கு 7,280 ரூபாய். தேவையா என்பது அவர் முடிவு.

சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குக் கேள்வியே எழவில்லை. புதிய முறையில் அவர்களுக்கு வரி பூஜ்ஜியம். இல்லாத வரியில் எதைக் குறைப்பது?

வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் கதை கொஞ்சம் மாறும். புதிய முறையிலும் வாடகை வருமானத்தில் 30 சதவீதமும், பிறகு கடன் வட்டியும் கழித்துக்கொள்ளலாம். வட்டி அதிகமாக இருந்தால் வாடகைக்கு வரி இருக்காது. ஆனால் மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை அப்படிக் கழிக்கலாம். மீதியை எட்டு வருடம் வரை எடுத்துப் போகலாம்.

வரியைத் தாண்டி ஒரு வழி

குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருப்பவர்கள் வரிக் கழிவை விட்டுவிட்டு, நகர்ப்புறத்துக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-ன் வட்டி மானியத்தைப் பார்க்கலாம். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் குடும்பத்துக்குப் பக்கா வீடு இருக்கக் கூடாது. கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்குக்கே வரும். எந்த வரி முறையில் இருக்கிறார் என்பது இதற்குப் பொருட்டே இல்லை. சென்னைக்குள் 35 லட்சத்துக்கு வீடு எங்கே கிடைக்கிறது என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. புறநகரிலும் மற்ற ஊர்களிலும் தேடுபவர்களுக்கு இது உதவும்.

பழைய முறைதான் லாபம் என்று கணக்குப் போட்டு முடிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. அலுவலகத்தில் ஏப்ரலில் எந்த முறையைச் சொல்லியிருந்தாலும், தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும், தவறினால் புதிய முறைதான். அடுத்தது, வங்கியின் பெயர், கடன் கணக்கு எண், அனுமதியான தேதி, மொத்தக் கடன், நிலுவை எல்லாவற்றையும் இப்போது ஐடிஆர் படிவமே கேட்கிறது. வங்கியின் வட்டிச் சான்றிதழை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் மிச்சம்.

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. 80சி என்பது 123 ஆகிறது. 2025-26 நிதியாண்டுக் கணக்குக்குப் பழைய எண்களே தொடரும்.