நிகழ்வு ஒப்படைப்பு

நிகழ்வு ஒப்படைப்பு என்பது வலைப்பக்கத்திலுள்ள பல உறுப்புகளுக்குத் தனித்தனியாக நிகழ்வுக் கையாளிகளை இணைக்காமல், அவற்றை உள்ளடக்கிய மேலுறுப்பு ஒன்றில் ஒரே கையாளியை இணைத்து, எல்லா நிகழ்வுகளையும் அங்கிருந்தே கவனிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக்க முறை ஆகும். ஆங்கிலத்தில் இது ஈவென்ட் டெலிகேஷன் எனப்படுகிறது. பக்கம் ஏற்றப்பட்ட பின்னர் புதிதாகச் சேர்க்கப்படும் பொத்தான்கள், இணைப்புகள், பட்டியல் வரிகள் ஆகியவற்றில் சொடுக்கு நிகழ்வை இயங்கச் செய்ய இம்முறை பரவலாகப் பயன்படுகிறது.

சிக்கல்

ஒரு மளிகைப் பட்டியல் பக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பக்கம் திறக்கும்போது அதில் 3 பொருட்கள் உள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் "நீக்கு" என்ற பொத்தான் உள்ளது. நிரல் அந்தப் பொத்தான்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆட்ஈவென்ட்லிசனர் மூலம் சொடுக்குக் கையாளியை இணைக்கிறது. மூன்றும் சரியாக இயங்குகின்றன. பின்னர் பயனர் நான்காவதாக ஒரு பொருளைச் சேர்க்கிறார். அதன் "நீக்கு" பொத்தானைச் சொடுக்கினால் எதுவும் நடப்பதில்லை. உலாவியின் பிழைப் பட்டியலிலும் எந்தச் செய்தியும் தோன்றுவதில்லை.

நிரல் தேடிய கணத்தில் நான்காவது பொத்தான் பக்கத்தில் இல்லை என்பதே இதற்குக் காரணம். கையாளி இணைக்கப்படுவது குறிப்பிட்ட உறுப்புக்கே அன்றி, அதன் வகுப்புப் பெயருக்கு அன்று. அதே வகுப்புப் பெயருடன் பின்னர் உருவாகும் உறுப்பு, முந்தைய உறுப்புகளின் கையாளிகளைப் பெறுவதில்லை. உலாவியின் பார்வையில் இது பிழையும் அன்று. ஆதலால் எச்சரிக்கை எழுவதில்லை.

பொருத்தமற்ற தீர்வுகள்

ஒவ்வொரு முறை புதிய வரி சேரும்போதும் எல்லாப் பொத்தான்களுக்கும் மீண்டும் கையாளியை இணைப்பது பலரும் முதலில் முயலும் வழியாகும். ஒரே செயற்கூறை அதே உறுப்பில் மீண்டும் இணைத்தால் உலாவி அதைப் புறக்கணிக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் பெயரற்ற செயற்கூறு இணைக்கப்பட்டால், பழைய பொத்தான்களில் கையாளிகள் பெருகிக்கொண்டே போகும். ஒரு சொடுக்கிற்கு அளவு 1 கூடவேண்டிய இடத்தில் 2 அல்லது 3 கூடும். விண்ணப்பம் ஒன்று இருமுறை அனுப்பப்படலாம். சொடுக்கு இயங்காமல் போவதைவிட இது ஆபத்தானது. பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும்.

இன்னர்ஹெச்டிஎம்எல் பண்பின் இறுதியில் புதிய சரத்தைக் கூட்டி வரிகளைச் சேர்ப்பதும் சிக்கல் தரும். அப்போது உலாவி உள்ளிருக்கும் உறுப்புகள் அனைத்தையும் நீக்கிவிட்டு மீண்டும் உருவாக்குகிறது. இதனால் ஆட்ஈவென்ட்லிசனர் மூலம் இணைக்கப்பட்டிருந்த பழைய கையாளிகளும் மறைந்துவிடுகின்றன.

செயற்படும் விதம்

ஓர் உறுப்பில் சொடுக்கு நிகழும்போது, அந்நிகழ்வு முதலில் ஆவணத்தின் உச்சியிலிருந்து அவ்வுறுப்பை நோக்கி இறங்குகிறது. இது பிடிப்புக் கட்டம் ஆகும். உறுப்பை அடைந்த பின்னர் அதன் மேலுறுப்புகள் வழியாக மீண்டும் உச்சி வரை ஏறுகிறது. நீருக்கடியிலிருந்து குமிழி மேலெழுவதைப் போன்றதால் இது குமிழேற்றம் எனப்படுகிறது. இவ்விரு கட்டங்களும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட டாம் இரண்டாம் நிலை நிகழ்வுகள் பரிந்துரையில் இடம்பெற்றன.

ஒப்படைப்பு முறை குமிழேற்றத்தைப் பயன்படுத்துகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் பின்வரும் படிகள் பின்பற்றப்படும்:

1. பொத்தான்களை விடுத்து, எப்போதும் பக்கத்தில் இருக்கும் பட்டியல் உறுப்பில் ஒரே ஒரு சொடுக்குக் கையாளி இணைக்கப்படுகிறது.
2. சொடுக்கு மேலேறி வந்ததும், நிகழ்வின் டார்கெட் பண்பைக் கொண்டு அது எந்த உறுப்பில் தொடங்கியது என்பது அறியப்படுகிறது.
3. குளோசஸ்ட் செயற்கூறு மூலம், அவ்வுறுப்போ அதன் மேலுறுப்புகளில் ஒன்றோ "நீக்கு" பொத்தானா எனச் சோதிக்கப்படுகிறது. அத்தகைய பொத்தான் கிடைக்காவிடில் கையாளி ஒன்றும் செய்யாமல் திரும்புகிறது.
4. கிடைத்தால், அப்பொத்தான் உள்ள வரி நீக்கப்படுகிறது.

மூன்றாம் படியில் டார்கெட் பண்பை மட்டும் நம்புவது போதாது. பொத்தானுக்குள் குப்பைத்தொட்டிப் படம் ஒன்று இருந்தால், பயனர் அதன்மீது சொடுக்கும்போது டார்கெட் அந்தப் படமாக இருக்கும், பொத்தானாக இராது. குளோசஸ்ட் மேல்நோக்கித் தேடுவதால் இச்சிக்கல் தீர்கிறது.

நூலகங்களில்

ஜேக்வெரி நூலகம் இதற்காக லைவ் என்ற செயற்கூறை 2009 இல் 1.3 பதிப்பில் அறிமுகப்படுத்தியது. அது எல்லா நிகழ்வுகளையும் ஆவணத்தின் உச்சியிலேயே கவனித்தது. 2011 இல் வெளியான 1.7 பதிப்பில் ஆன் செயற்கூறு வந்தது, லைவ் 1.9 பதிப்பில் நீக்கப்பட்டது. ஆன் செயற்கூறை மேலுறுப்பின்மீது அழைத்து, உள்ளுறுப்பின் தேர்வியை இரண்டாம் உள்ளீடாகத் தரும்போது மட்டுமே ஒப்படைப்பு நிகழும். பொத்தான்களின்மீதே நேரடியாக அழைத்தால் பழைய சிக்கல் அப்படியே தொடரும். ரியாக்ட் நூலகமும் உள்ளே இம்முறையையே பின்பற்றுகிறது. 2020 இல் வெளியான அதன் 17 ஆம் பதிப்பு முதல், கையாளிகள் ஆவணத்தில் அன்றிச் செயலியின் வேர் உறுப்பில் இணைக்கப்படுகின்றன.

வரம்புகள்

எல்லா நிகழ்வுகளும் குமிழேறுவதில்லை. போகஸ், பிளர் ஆகியவை மேலேறா; அவற்றுக்கு மாற்றாக மேலேறும் தன்மையுள்ள போகஸ்இன், போகஸ்அவுட் பயன்படுத்தப்படுகின்றன. மவுஸ்என்டர், மவுஸ்லீவ் ஆகியவையும் குமிழேறுவதில்லை. இடையிலுள்ள உறுப்பொன்றின் கையாளி ஸ்டாப்புரோபகேஷன் செயற்கூறை அழைத்தால், நிகழ்வு அதற்கு மேலுள்ள உறுப்புகளை அடையாது. ஒரு பக்கத்தில் ஒப்படைப்பு காரணமின்றி இயங்காதிருந்தால் முதலில் இதனைச் சோதிப்பது நலம்.

கையாளியை ஆவணத்தின் உச்சியில் வைப்பதைவிட, மாறாமல் நிலைத்திருக்கும் மிக அருகிலுள்ள மேலுறுப்பில் வைப்பதே நல்லது. அப்போது தொடர்பற்ற சொடுக்குகளுக்கெல்லாம் கையாளி இயங்க வேண்டியதில்லை. இடையில் நிகழ்வு தடுக்கப்படும் வாய்ப்பும் குறைகிறது. மேலும், சொடுக்க வேண்டியவற்றை டிவ் உறுப்பாக அன்றிப் பொத்தான் உறுப்பாகவே அமைப்பது சிறந்தது. பொத்தானில் என்டர் அல்லது இடைவெளி விசையை அழுத்தினாலும் சொடுக்கு நிகழ்வு எழுவதால், சுட்டியைப் பயன்படுத்த இயலாதவர்களும் புதிதாகச் சேர்ந்த வரிகளை இயக்க முடிகிறது.