நவராத்திரிக் கொலுவும் முளைப்பாலிகையும்

புரட்டாசி மாதத்து அமாவாசை கழிந்த மறுநாள் தொடங்குகின்ற நவராத்திரி, வடமொழியாளர் சரத் ருது என வழங்கும் பருவத்தில் வருவதாகும். வெயிலின் கடுமை தணிந்து, வடகிழக்குப் பருவமழை இன்னும் பிடியாமல் நிற்கும் இந்நாட்களில், நம் நாட்டு வீடுகள் பலவற்றில் பரண்மேலுள்ள பொம்மைப் பெட்டிகள் இறக்கப்படுகின்றன. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையாகப் படிகள் கட்டி, வெள்ளை வேஷ்டி விரித்துப் பொம்மைகளை வரிசைப்படுத்துவதும், படிகளின் முன்பாகத் தரையில் ஒரு சிறு தோட்டமும் குளமும் அமைப்பதும் வழக்கம். அதே நாட்களில் மானாவாரி நிலமுடைய குடியானவர், விதைப்புக்கென எடுத்து வைத்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிறார். கொலுவுக்கு வேண்டிய பசுமையும், வயலுக்கு வேண்டிய விதையும் பெரும்பாலும் ஒரே குதிரிலிருந்து வருவன. ஆயினும், உள்ளே தட்டில் முளைப்பது வெளியே வயலில் முளைக்கப்போவதற்கு அத்தாட்சியாகும் என்பதை வீட்டில் எவரும் அதிகமாக எண்ணுவதில்லை. கொலுத் தோட்டத்தைச் செம்மையாக வளர்க்கும் முறையும், அதனோடு விதையைச் சோதித்துக்கொள்ளும் முறையும் இங்கே கூறப்படும்.

பொம்மைகளைப்பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் முதலிய இடங்களிற் செய்யப்படும் மண் பொம்மைகள் யாவருக்கும் தெரிந்தவை. வீட்டிலேயே இரண்டொரு பொம்மை செய்து பார்க்க விரும்பும் சிறுவர்களுக்கு, ஏரி வண்டலினின்றும் கல்லும் வேரும் நீக்கிப் பிசைந்த களிமண் போதும். வெயிலிற் காயவைத்தால் வெடிக்கும். நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்திய பின்னரே வர்ணம் தீட்டவேண்டும். ஏரியிலிருந்து வண்டிக்கணக்கில் மண் எடுப்பதாயின் வட்டாட்சியரிடம் உரிய அனுமதி பெறவேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

வாயிலுக்கு மாவிலைத் தோரணமும் நெற்கதிர்க் குஞ்சமும் அழகு தருவன. குறுவை அறுவடை இக்காலத்தில் நடைபெறுவதாற் கதிருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அறுவடை இயந்திரம் ஓடிய வயலில் முழுக்கதிர் கிடையாது. ஆதலால் வரப்போரத்தில் இரண்டு முழம் நிலத்தை அரிவாளுக்கென விட்டுவைத்தல் நலம். மணிகள் முற்றிப் பொன்னிறம் பரவி, அடிமணி சற்றே பசுமையாக இருக்கும்போதே ஓரடித் தாளுடன் அறுத்து, நிழலிற் கவிழ்த்துத் தொங்கவிட்டு உலர்த்திப் பின்னினால் மணி உதிராது. திருநாள் முடிந்த பின் தாழ்வாரத்திலேயே விட்டுவிட்டாற் சிட்டுக்குருவிகள் தின்றுபோகும். தென்னங்குருத்தோலையால் தோரணம் முடைவோர், அதற்கென்று காய்க்கும் மரத்தின் குருத்தை வெட்டலாகாது. வெட்டிச் சாய்க்கவேண்டிய மரத்தினின்றும் எடுத்துக்கொள்க.

இனி, தோட்டத்தைப்பற்றிக் கூறுவோம். கடைகளில் இப்பொழுது பிளாஸ்டிக் புல்விரிப்பு மலிவாகக் கிடைக்கிறது. ஆண்டுதோறும் சுருட்டி வைத்து எடுக்கலாமென்று பலர் அதனையே வாங்குகின்றனர். சோம்பலுக்கு அது உகந்ததே. ஆனால் ஒன்பது நாளும் ஒரே நிறமாய்க் கிடக்கும் விரிப்பைப் பார்க்கக் குழந்தைகள் எவரும் விடியலில் எழுந்து வருவதில்லை. கடுகு, வெந்தயம், கேழ்வரகு, கோதுமை ஆகிய நான்கும் ஒரு கைப்பிடியளவு இருந்தால் ஒரு கூடம் நிறையப் புல்வெளி வளர்க்கலாம்.

தட்டு இரண்டு அங்குல ஆழமுடையதாகவும், அடியில் நீர் வடியத் துளையுடையதாகவும் இருத்தல் வேண்டும். துளையில்லாத தட்டில் நீர் தேங்கி வேர் அழுகுவதே இத்தோட்டங்கள் பாழாவதற்கு முதற்காரணம். ஆற்றுமணல் இரண்டு பங்கு, வண்டல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து சலித்து நிரப்பவேண்டும். பச்சைச் சாணத்தையோ மட்காத எருவையோ சேர்த்தாற் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். வெந்தயத்தை முதல்நாள் இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். கடுகையும் கேழ்வரகையும் உலர்ந்தபடியே தூவி, விதையின் கனத்திற்கு மட்டும் மெல்லிய மணல் மூடினாற் போதும். மேலே ஈரச் சாக்கை இரண்டு நாள் போர்த்தி, முளை தலைகாட்டியவுடன் எடுத்துவிட வேண்டும். நீரைக் குவளையால் ஊற்றாமல் விரலால் தெளிக்க வேண்டும். காலையொரு முறை, மாலையொரு முறை போதும். முளைகள் அடித்தண்டில் நீர்க்கோத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். நீரைக் குறைத்துக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.

எதை எப்பொழுது விதைப்பது என்பதிலேதான் பலரும் தவறுகின்றனர். கேழ்வரகையும் கோதுமையையும் கொலு வைப்பதற்கு ஏழு நாள் முன்பும், கடுகையும் வெந்தயத்தையும் நான்கைந்து நாள் முன்பும் விதைத்தால், முதல்நாளில் எல்லாம் ஒரு சீராக நிற்கும். பச்சைப்பயறு விரைந்து வளர்ந்து ஒரு வாரத்தில் தலைசாயும் இயல்புடையது. அதனை அமாவாசையன்றே ஊன்றினாற் போதும்.

நிறத்தைக் குறித்து ஒரு விஷயம். அம்மன் திருவிழாக்களில் முளைப்பாரியை இருட்டறையில் வைத்து வளர்ப்பர். ஒளி படாததால் அது பச்சை பிடியாமல், வெளிர்மஞ்சளாய் நீண்டு மெலிந்து நிற்கும். அந்நிறமே அதற்கு அழகாகக் கருதப்படுகிறது. கொலுத் தோட்டத்திற்கு வேண்டியது பசுமை. ஆதலின் சாக்கை எடுத்த நாள் முதல் தட்டுகளைக் காலை வெளிச்சம் படும் தாழ்வாரத்தில் வைத்து, கொலு நாளிலே கூடத்திற்குக் கொண்டுவர வேண்டும். அதன்பின்னரும் பகலில் இரண்டு மணி நேரம் வெளியே வைத்து எடுத்தால் நிறம் மங்காது. இருட்டில் வளர்ந்த முளையின் உயரத்தைக் கண்டு விதை வீரியமுள்ளது என்று கொள்ளுதல் பெரும் பிழை. ஒளியைத் தேடி நீள்வது முளையின் இயல்பு. விதைக்குள் இருந்த உணவைச் செலவிட்டே அது நீள்கிறது.

இவ்வாறே, தூவி வளர்த்த தட்டு அடர்ந்து பசுமையாகத் தோன்றுவதும் விதையின் தரத்திற்குச் சான்றாகாது. நூறு விதைக்கு ஐம்பது செத்துப்போன விதையைக்கூட நெருக்கமாகத் தூவினால் தட்டு நிறைந்துவிடும், கண் ஏமாந்துபோகும். வயலிலோ அந்த ஐம்பதும் வெற்றிடமாய்த் தெரியும். ஆகவே, கொலுவுக்கு வைக்கும் தட்டுகளோடு ஒரு தட்டை எண்ணி விதைக்கும் தட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். விதைக்கவிருக்கும் மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்து, பொறுக்காமல், வருவது வரட்டுமென்று நூறு விதை எண்ணிப் பத்து வரிசையாகப் பத்துப் பத்தாக ஊன்ற வேண்டும். நல்ல மணியாகப் பார்த்துப் பொறுக்கினால் சோதனையின் பயனே போய்விடும். இதே விதமாக நான்கு தட்டு வைத்துச் சராசரி பார்ப்பது இன்னும் நிச்சயமானது.

எண்ணும்போது வேரும் தண்டும் பழுதின்றி வந்த முளைகளை மாத்திரமே கணக்கிற் சேர்க்க வேண்டும். வேரில்லாதது, அழுகியது, தலை முறிந்தது யாவும் முளைத்தனவாக மாட்டா. உளுந்துக்கு ஏழு நாள், பச்சைப்பயறுக்கும் கொண்டைக்கடலைக்கும் எட்டு நாள், சோளத்திற்குப் பத்து நாள், பருத்திக்குப் பன்னிரண்டு நாள், நெல்லுக்குப் பதினான்கு நாள் கழித்து முடிவான கணக்கு எடுப்பது விதைப் பரிசோதனை நிலையங்களின் முறை. ஆதலால் பயறு வகைகளையும் சோளத்தையும் கொலு வைக்கும் நாளில் ஊன்றி விஜயதசமியில் எண்ணிவிடலாம்; பருத்தியையும் நெல்லையும் நான்கைந்து நாள் முந்தி ஊன்ற வேண்டும். சான்று விதைக்கு இந்நாட்டில் விதிக்கப்பட்டுள்ள குறைந்த அளவு நூற்றுக்கு நெல் 80, சோளம் 75, உளுந்து, பச்சைப்பயறு, துவரை ஆகியவை 75, கொண்டைக்கடலை 85, எள் 80, நிலக்கடலை 70 ஆகும். வீட்டில் எடுத்த கணக்கை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உளுந்தின்பால் தனிக் கவனம் வேண்டும். நெல் தரிசில் தை மாதம் விதைத்துப் பங்குனி, சித்திரையில் எடுத்த உளுந்து, கோடை முழுவதையும் மூட்டையிற் கழித்துப் புரட்டாசிக்கு வருகிறது. நூற்றுக்கு 9 பங்குக்கு மேல் ஈரமிருந்தாலும், பயறு வண்டு துளைத்திருந்தாலும் இந்த ஆறு மாதத்தில் அதன் உயிர் பெரிதும் குன்றிவிடும். மேலுக்கு மினுமினுப்புக் குறையாமலே இருக்கும். உளுந்து 75 முளைப்பதற்குப் பதிலாக 60 முளைத்தால், ஏக்கருக்கு 8 கிலோ விதைக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ விதைத்து ஒருவாறு ஈடுசெய்யலாம். 50-க்குக் கீழே போனால் அளவைக் கூட்டுவது பயனற்றது. முளைத்தவையும் மெலிந்தே வருமாதலால் அவ்விதையைப் பருப்புக்கு உடைத்துவிட்டு வேறு விதை தேடுவதே தக்கது.

குறைந்த எண்ணைக் கண்டவுடன் விதை செத்ததென்று தீர்ப்பளித்துவிடவும் கூடாது. புதிதாக அறுத்த குறுவை நெல் சில வாரம் உறக்கத்தில் இருப்பதுண்டு; அது பின்னர் நன்றாக முளைக்கும். உளுந்திலும் பச்சைப்பயறிலும் சில மணிகள் நீரை உறிஞ்சாமல் கல்லாகவே கிடக்கும். தட்டைக் கிளறிப் பார்த்து, அழுகிய விதை எத்தனை, கெட்டியாயுள்ள விதை எத்தனை என்று பிரித்தறிய வேண்டும். அழுகியது மீளாது.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலங்களில் பருவமழைக்கு முன்னரே உழுது, உலர்ந்த மண்ணில் பருத்தியும் சோளமும் விதைப்பதுண்டு. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது; தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இம்மழையே. முதல் மழையோடு முளைத்த பயிர் அந்த ஈரம் முழுவதையும் அனுபவிக்கும். முளையாமற்போய் மறுபடி விதைத்தாலோ, விதைக்கும் உழவுக்கும் இரட்டைச் செலவோடு இரண்டு மூன்று வாரமும் போய்விடும். காய் பிடிக்கும் தருணத்தில் மண் வறண்டிருக்கும். போன வாரங்களைக் கடன் வாங்கியும் மீட்க முடியாது. கூடத்து மூலையில் வைக்கும் ஒரு தட்டுக்குச் செலவு நூறு விதையே.

இவற்றினும் முக்கியமானது ஓர் எச்சரிக்கை. கடையில் வாங்கும் விதை பெரும்பாலும் பூஞ்சணக்கொல்லி மருந்து கலந்து, சிவப்போ இளஞ்சிவப்போ வேறு நிறமோ ஏற்றப்பட்டிருக்கும். அது விஷம். நிறம் அழகாக இருக்கிறதென்று அதனை நவதானியக் கிண்ணத்திலோ, கோலத்திலோ, குழந்தைகள் கைபடும் கொலுத் தோட்டத்திலோ சேர்க்கலாகாது. கழுவினால் நிறம் போகும்; மருந்து முழுவதும் போய்விட்டதென்று நம்புவதற்கில்லை. நவராத்திரியில் நாள்தோறும் சுண்டல் செய்யும் வீடுகளில், மிஞ்சிய விதைக் கடலையும் பயறும் சமையலறைப் பானைகளோடு கலந்துவிடாமல் தனி அறையிற் பூட்டிவைக்க வேண்டும். மருந்திட்ட விதையையும் சோதிக்க வேண்டியதே. ஆனால் அந்தத் தட்டு குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாத இடத்தில், குறிப்பிட்டு எழுதிய சீட்டோடு இருக்கட்டும். தொட்டபின் கையை சோப்பிட்டுக் கழுவுக. விஜயதசமிக்குப் பின் கொலுத் தோட்டத்துப் பசும்முளைகளைப் பசுவுக்கோ ஆட்டுக்கோ போடலாம். மருந்திட்ட தட்டின் முளையையும் மண்ணையும் கிணற்றுக்கும் குட்டைக்கும் தூரமாகக் குழிதோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் வேலையுண்டு. ஒரு கிராமத்தில் பல வீட்டார் ஒரே கடையில், ஒரே குவியல் எண்ணுள்ள விதையை வாங்குவது சாதாரணம். ஒரு வீட்டில் நாற்பது முளைத்தது என்ற செய்தி தனியாக நின்றால் நீரின் குற்றமென்றோ மண்ணின் குற்றமென்றோ கழிந்துபோகும். ஐந்து வீட்டுத் தட்டுகளில் அதே எண் தோன்றினால் அது விதையின் குற்றமே. ஆதலால் விஜயதசமியன்று அந்தந்த வீட்டுக் கணக்கைக் குவியல் எண்ணோடு கேட்டுக் குறித்துக்கொண்டு, குறைபாடு கண்டால் உதவி வேளாண்மை அலுவலருக்கும், 1966-ம் ஆண்டு விதைச் சட்டப்படி மாதிரி எடுக்கும் அதிகாரமுள்ள விதை ஆய்வாளருக்கும் மழை பிடிக்குமுன் தெரிவிக்க வேண்டும். சொந்த விதையில் ஐயமுள்ளவர்கள் கட்டணம் செலுத்தி விதைப் பரிசோதனை நிலையத்திற்கே மாதிரி அனுப்பலாம். வாங்கிய விதையாயின், பையும், அதில் தைத்த சீட்டும், கடை ரசீதும், கொஞ்சம் விதையும் அறுவடை முடியும் வரையில் பத்திரமாக இருக்க வேண்டும். பொம்மைப் பெட்டியைப் பரணில் ஏற்றும்போது அவற்றையும் ஓர் உறையிலிட்டு மேலே வைத்துவிட்டால் தேடவேண்டியிராது.